பின்னால் எடுப்பவரே!

(‘வாகனத்தைப் பின்னால் எடுக்கும்போது நடக்கும் மோதலுக்குப் பெரிதும் காரணம் எடுப்பவரா? பின்னால் நிற்பவரா?’ என்ற தலைப்பில், தேனியில் நடந்த பட்டிமன்றத்தில், ‘எடுப்பவரே’ அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, இனி இந்தப் பக்கம் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை என்று சபையை நம்ப வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணிச் செல்வங்களே! மேகமலைக் காற்றைக் காசு கொடுக்காமல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தேனிப் பெருமக்களே, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தினரே!

உள்ளே வரும்போது வாசலில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏப்பா, மாமியாரா மருமகளான்னு பேசுவீங்க. கண்ணகியா மாதவியான்னு பேசுவீங்க. இப்ப ரிவர்ஸ் கியருக்கெல்லாம் பட்டிமன்றமா?” என்றார். நான் சொன்னேன், “அய்யா, மாமியார் மருமகள் சண்டை வீட்டுக்குள்ள. இது வீட்டுக்கு வெளியில. அம்புட்டுத்தான் வித்தியாசம்.” (சிரிப்பு)

உண்மையைச் சொல்லுங்கள். முன்னெல்லாம் நம்ம ஊர்க் கல்யாணத்தில் சண்டை எங்கே வரும்? பந்தியில் வரும். “எங்க சித்தப்பனுக்கு அப்பளம் வைக்கல” என்று வரும். இப்போது பந்தியில் சண்டை இல்லை. ஆளுக்கு ரெண்டு அப்பளம் வைத்துவிடுகிறார்கள். சண்டை எங்கே வருகிறது? மண்டபத்துக்கு வெளியே, வண்டி நிறுத்துகிற இடத்தில் வருகிறது. முகூர்த்த நாளில் பெரியகுளம் ரோட்டில் ஏதாவது ஒரு மண்டபத்து வாசலில் போய் நின்று பாருங்கள். மொய் எழுதியாச்சு, தாம்பூலப் பை வாங்கியாச்சு, மாமன் போய்க் காரை எடுக்கிறார். எதிர் வரிசையில் மச்சினன் காரை எடுக்கிறார். ரெண்டு பேரும் பின்னால் வருகிறார்கள். ‘டம்’ என்று ஒரு சத்தம். உள்ளே கெட்டிமேளம் முடிந்து ஒரு மணி நேரம் ஆச்சு, வெளியே இப்போதுதான் ஆரம்பம்! (சிரிப்பு, கைதட்டல்)

“உனக்குக் கண்ணு இல்லையா மாப்ள?” “நீங்க ஏன் மாமா குறுக்க வந்தீங்க?” “நான் எங்கடா வந்தேன், நீதான் வந்த.” அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவர்கள் அடுத்த காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்காத குடும்பம் எனக்குத் தெரியும். ஒரு பம்பருக்காக ஒரு உறவு போச்சு. ஆகவே இது சின்னத் தலைப்பு இல்லை. போகப் போக இன்னும் பெரிதாகும், பொறுமையாகக் கேளுங்கள்.

எதிரணித் தலைவர் ஒரு வாதம் வைத்தார். “கடவுள் மனுஷனுக்குக் கண்ணை முன்னாலதான் வச்சிருக்கான். பின்னால வச்சானா? அப்ப பின்னால நடக்கிறதுக்கு ஓட்டுறவன் எப்படிப் பொறுப்பாவான்? பின்னால நிக்கிறவனுக்குத்தான் கண்ணு வண்டியப் பாத்து இருக்கு, அவன்தான் விலகணும்” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், அழகாகச் சொன்னார் என்பதற்காக.

அய்யா, நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கண் முன்னால்தான் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? தெரிந்தேதானே பின்னால் எடுக்கிறீர்கள்? கண் தெரியாத பக்கமாகப் போகிறவன் கண் தெரிகிற பக்கமாகப் போகிறவனை விடப் பத்து மடங்கு கவனமாகப் போக வேண்டுமா, இல்லை “எனக்குத் தெரியாது, நீ ஒதுங்கு” என்று சொல்ல வேண்டுமா? இருட்டில் நடக்கிறவன் மெதுவாகத்தானே நடக்கிறான்? அந்த வாதத்தை நீங்கள் எங்கள் அணிக்காகச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன்.

இந்த மாவட்டத்துக்கு ‘ரிவர்ஸ்’ என்பது புதிதா? நடுவர் அவர்களே, இந்த மண்ணே ரிவர்ஸில் வாழ்கிற மண். (சிரிப்பு) சிரிக்காதீர்கள், யோசித்துப் பாருங்கள். பெரியாறு எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது? மேற்கே அரபிக் கடலைப் பார்த்து. அதை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வயல் வயலாக விட்டவர் பென்னிகுவிக். ஒரு ஆற்றையே ரிவர்ஸ் எடுத்த மனிதர்! ஆனால் எப்படி எடுத்தார்கள்? 1789-ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அந்த மலைக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு வெள்ளைக்காரப் பொறியாளர்கள் மாறி மாறி வந்து அளந்தார்கள். 1887-இல் வேலை தொடங்கி 1895-இல் தண்ணீர் வந்தது. பார்க்க ஆரம்பித்ததிலிருந்து கணக்குப் போட்டால் நூறு வருஷத்துக்கு மேல்! நூறு வருஷம் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு ரிவர்ஸ் எடுத்தார்கள். நம்ம ஆள் கழுத்தைத் திருப்ப ரெண்டு விநாடி கேட்டால் “சுளுக்கு” என்கிறான்! (பலத்த கைதட்டல்)

சரி, இலக்கியத்துக்கு வருகிறேன். தமிழ் வாத்தியார் மேடை ஏறிவிட்டு மனுநீதிச் சோழனைச் சொல்லாமல் இறங்கினால் வீட்டில் சோறு போட மாட்டார்கள். அதுவும் எதிரணித் தங்கை அந்தக் கதையைத் தொட்டுவிட்டுப் போனார். “திருவாரூரில் கன்று தானாக வந்து விழுந்ததே, இளவரசன் என்ன செய்வான்?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி தங்கச்சி. சேக்கிழார் பெரியபுராணத்தில் அப்படித்தான் பாடுகிறார். இளவரசன் தேரில் போகிறான். கூட்டம், சேனை, ஆரவாரம். யாரும் கவனிக்காத நேரத்தில் கன்று துள்ளிக்கொண்டு சக்கரத்துக்குள் புகுந்துவிட்டது. இன்றைக்கு நம்ம ஊர் பாஷையில் சொன்னால், “அதுவா வந்து விழுந்துச்சு சார்.” சரியா? ஆனால் இலங்கையில் பாலி மொழியில் எழுதிய மகாவம்சத்தில் எல்லாளன் என்ற தமிழ் மன்னனுக்கு இதே கதை வருகிறது. அங்கே கன்று துள்ளி வரவில்லை. தாயோடு சாலையில் படுத்துக் கிடந்தது. தேர்ச் சக்கரம் ஏறியது, தெரியாமல் ஏறியது.

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் கன்று குறுக்கே பாய்ந்தது. இன்னொன்றில் கன்று சும்மா கிடந்தது. எதிரணி சொல்கிற ரெண்டு சாக்கும் இதற்குள் வந்துவிட்டது: “குறுக்க வந்தான்”, “வழியில நின்னான்.” தீர்ப்பு என்ன? ரெண்டு மன்னனும் கன்றின் மேல் குற்றம் சொல்லவில்லை. மாட்டை ஏன் அவிழ்த்து விட்டாய் என்று மாட்டுக்காரனைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. தேரில் இருந்தவன் யார் என்று மட்டும்தான் கேட்டார்கள். அந்தத் தண்டனை அதிகம், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். மகனைத் தேர்க்காலில் போடுவது நம்மால் ஆகாது. ஆனால் பொறுப்பு யாருக்கு என்பதில் திருவாரூருக்கும் அனுராதபுரத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இன்னொன்று கவனித்தீர்களா? அந்தத் தேர் நேராகப் போன தேர்! முன்னால் போன தேருக்கே அந்தத் தீர்ப்பு என்றால், பின்னால் போன தேருக்கு என்ன தீர்ப்பு கொடுத்திருப்பார்? (கைதட்டல்)

நடுவர் பாரியைக் கேட்கிறார். பாரிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை அய்யா. முல்லைக் கொடி பக்கத்தில் நிறுத்தினார், நிறுத்தியது நிறுத்தியதுதான், நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். உலகத்திலேயே ரிவர்ஸ் எடுக்காத ஒரே பார்க்கிங் அதுதான்! (சிரிப்பு)

கதை போதும், சட்டம் என்ன சொல்கிறது என்று எதிரணி நண்பர் சவால் விட்டார். சொல்கிறேன். 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகளில் வண்டியைப் பின்னால் எடுப்பதற்கென்றே ஒரு விதி எழுதினார்கள். அதன் சாரம் ரொம்ப எளிமை. யாருக்கும் ஆபத்தும் இல்லை, தேவையில்லாத இடைஞ்சலும் இல்லை என்று ஓட்டுநர் முதலில் தன் மனசுக்கு உறுதி செய்துகொண்ட பிறகுதான் பின்னால் எடுக்க வேண்டும். அதுவும் தேவைக்கு மேல் ஒரு அடி கூட எடுக்கக் கூடாது. யார் உறுதி செய்ய வேண்டும்? ஓட்டுநர். எப்போது? எடுத்த பிறகு இல்லை, முதலில். 2017-இல் வந்த புது விதிமுறைகளிலும் இந்தப் பொறுப்பு ஓட்டுநர் தலையை விட்டு இறங்கவில்லை. ஹாரன் அடித்தால் பொறுப்பு கை மாறிவிடும் என்று எங்கேயும் எழுதவில்லை. ஹாரன் என்பது “நான் வர்றேன்” என்கிற தகவல். “நீ வா” என்று எதிரே உள்ளவன் கொடுத்த அனுமதி இல்லை. ஒரு காலத்தில் நம்ம வேன்காரர்கள் ரிவர்ஸ் கியர் போட்டால் பாட்டுப் பாடும்படி வைத்திருந்தார்கள். தெருப் பிள்ளைகள் அந்தப் பாட்டைக் கேட்டு விலகியதா? பாட்டுக் கேட்கக் கிட்டே ஓடி வந்தது!

“இது ரோடு இல்லையே, பார்க்கிங்தானே, இங்க என்ன சட்டம்?” என்று சிலர் கேட்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, ‘பொது இடம்’ என்றால் என்ன என்று சொல்லியிருக்கிறது. பொதுமக்கள் போக உரிமையுள்ள எந்த இடமும் பொது இடம். பஸ்ஸில் ஆள் ஏற்றி இறக்குகிற நிலையத்தையும் பேர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆக, நம்ம பென்னிகுவிக் பேருந்து நிலையத்துக்குள் நடந்தால் அது சட்டத்துக்கு வெளியே நடந்தது ஆகாது.

எதிரணியின் பலமான வாதம் இனிமேல்தான் வருகிறது. “தப்பான இடத்துல நின்னது அவன். கோடு போடாத இடத்துல பைக்க நிறுத்துனது அவன். நான் இடிச்சா அது என் தப்பா?” இதற்கு இங்கிலாந்தில் ஒரு கழுதை பதில் சொல்லியிருக்கிறது. (சிரிப்பு) அய்யா, நான் யாரையும் சொல்லவில்லை, நிஜக் கழுதை. 1842-ஆம் ஆண்டு, டேவிஸ் என்பவருக்கும் மான் என்பவருக்கும் நடந்த வழக்கு. டேவிஸ் தன் கழுதையின் முன்னங்கால் ரெண்டையும் கட்டி, பொதுச் சாலையில் மேய விட்டுவிட்டார். தப்புதானே? தப்புதான். கால் கட்டிய கழுதை ஓடுமா, ஓடாது. மூன்று குதிரை பூட்டிய ஒரு வண்டி இறக்கத்தில் வேகமாக வந்தது, ஏறியது, கழுதை போச்சு. வண்டிக்காரர் தரப்பில் எதிரணித் தலைவர் மாதிரியே ஒரு வக்கீல் நின்றார். “கழுதையை அங்கே விட்டது யார் தப்பு?” என்றார். நீதிபதிகள் என்ன சொன்னார்கள்? கழுதை அங்கே நின்றது தப்பாகவே இருக்கட்டும். உன் வண்டியை ஒழுங்கான வேகத்தில் ஓட்டித் தவிர்த்திருக்கலாம் அல்லவா? தவிர்த்திருக்கலாம் என்றால் பொறுப்பு உனக்குத்தான் என்றார்கள். ஒருத்தன் தப்பான இடத்தில் நிற்கிறான் என்பது அவனை இடிப்பதற்கு உங்களுக்குக் கிடைத்த லைசென்ஸ் இல்லை.

ஆனால் நான் நேர்மையாகப் பேச வேண்டும். நம் ஊர்த் தீர்ப்பாயங்களில் இன்றைக்கு ரெண்டு பக்கமும் பார்க்கிறார்கள். லட்சுமிபுரம் கோர்ட்டுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். அடிபட்டவர் பக்கமும் கவனக்குறைவு இருந்தால், அவருக்கு இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டு இழப்பீட்டில் கழிப்பார்கள். அதனால், நான் சொன்ன மாமனும் மச்சினனும் மாதிரி ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்னால் எடுத்தால்? ரெண்டு பேரும்தான். அதில் எனக்குத் தகராறு இல்லை. பின்னால் எடுக்கிற வண்டி பாதி வெளியே வந்த பிறகு, பார்க்கிங்குக்குள்ளேயே நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒருத்தன் செல்போனைப் பார்த்துக்கொண்டு வந்து மோதினால்? அவனை நான் காப்பாற்ற மாட்டேன், எதிரணியே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் தலைப்பில் ‘பெரிதும்’ என்று ஒரு சொல் இருக்கிறது. நடுவர் வேண்டுமென்றே வைத்த சொல். அந்தச் சொல்லுக்குத்தான் நான் வாதாடுகிறேன்.

இப்போது ஒரு மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெண்டு அணியும் அவரை மறந்துவிட்டது. அவர்தான் வண்டிக்குப் பின்னால் நின்று கை காட்டுகிறவர். (சிரிப்பு) பாருங்கள், பேரைச் சொன்னதும் எல்லோருக்கும் ஒரு முகம் ஞாபகம் வந்துவிட்டது!

நம்ம ஊரில் யாராவது ரிவர்ஸ் கியர் போட்டால் போதும், எங்கிருந்தோ ஒருத்தர் வந்துவிடுவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். டீ கிளாஸ் கையில் இருக்கும். “வாங்கண்ணே, வாங்கண்ணே, வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க, இன்னும் ஒடிங்க, வாங்க, வாங்க, வாங்க…” டம்! “ஆங், போதும்ணே.” (பலத்த சிரிப்பு, கைதட்டல்) இறங்கிப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டார். டீ கிளாஸ் மட்டும் இருக்கும்.

இதில் தொழில் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் கும்பிடுகிறேன். நம்ம பஸ் கண்டக்டரைப் பாருங்கள். நெரிசலான பஸ் ஸ்டாண்டில் வரிசையிலிருந்து பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது இறங்கி, பின்பக்கம் போய், டிரைவரின் கண்ணாடியில் தன் முகம் தெரிகிற இடத்தில் நின்று, உடம்புத் தகரத்தைத் தட்டிக்கொண்டே கூப்பிடுவார். ஒரு பாட்டி குறுக்கே வந்தால் “ஹோல்டான்!” என்று ஒரு சத்தம். பஸ் அந்த இடத்தில் நின்றுவிடும். லாரி கிளீனர்களும் அப்படித்தான். சுருளிப்பட்டியில் திராட்சைப் பெட்டி ஏற்ற வருகிற வண்டியைத் தோட்டத்துச் சந்துக்குள் கிளீனர் பையன் பின்னால் வர வைக்கிற அழகு இருக்கிறதே, ஒரு கொடி அறுபடாது. அங்கே என்ன ரகசியம்? டிரைவருக்குக் கிளீனர் முகம் தெரியும்வரைக்கும்தான் வண்டி நகரும். முகம் கண்ணாடியிலிருந்து மறைந்தால் பிரேக். அந்த டீ கிளாஸ்காரர் எங்கே நிற்பார்? வண்டிக்கு நேர் பின்னால், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் நின்று, சத்தம் மட்டும் கொடுப்பார்.

அவர் சொல்லி இடித்தால் குற்றம் யாருக்கு? எடுத்தவருக்குத்தான். ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறதோ, கால் யாருடைய கால் பிரேக்கில் இருக்கிறதோ, அவர்தான். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். பொறுப்புக்கு ஆள் வைக்க முடியாது.

“இன்சூரன்ஸ் இருக்கு, எதுக்குச் சண்டை?” என்று ஒரு தம்பி கேட்டார். இன்சூரன்ஸ்காரர் குற்றம் யாருக்கு என்று தீர்ப்புச் சொல்வதற்காக உட்கார்ந்திருக்கவில்லை தம்பி. முழு இன்சூரன்ஸ் போட்டிருந்தால் உங்கள் வண்டிச் சேதத்தை உங்கள் கம்பெனி பார்க்கும், அவர் வண்டியை அவர் கம்பெனி பார்க்கும். அப்படிக் கம்பெனிகளுக்குள் ‘நாக் ஃபார் நாக்’ என்று ஒரு ஏற்பாடே உண்டு. ஆனால் நீங்கள் க்ளெய்ம் போட்ட அன்றைக்கு, வருஷ வருஷமாகச் சேர்த்து வைத்த ‘நோ க்ளெய்ம் போனஸ்’ போய்விடும். முதல் வருஷம் 20 சதவீதம், அஞ்சு வருஷம் போனால் 50 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி. அதனால்தான் மாமனும் மச்சினனும் இன்சூரன்ஸுக்குப் போகாமல் பார்க்கிங்கிலேயே நின்று “ஆயிரம் கொடு, ஐந்நூறு கொடு” என்று பேரம் பேசுகிறார்கள். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி! தகரத்துக்குத்தான் அந்தப் பேரம் நடக்கும். ஆளுக்கு அடிபட்டால் நடக்காது.

ஆளுக்கு அடிபட்டால் என்ன? அங்கேதான் இந்தத் தலைப்பின் முகம் மாறுகிறது. சிரித்தது போதும், கொஞ்சம் கேளுங்கள்.

கார் ஓட்டுகிற ஆண்களும் பெண்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தெரிகிறது? கண்ணாடியின் கீழ் விளிம்புக்கு மேலே உள்ள உலகம்தான் தெரிகிறது. அதற்குக் கீழே, வண்டியை ஒட்டி, தரையோடு தரையாக ஒரு இடம் இருக்கிறது. அது தெரியாது. வண்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு பெரிய இடம் மறையும். நம்ம பக்கம் ஜீப்புகளில் பின்னால் ஸ்டெப்னி டயரும் மாட்டியிருப்பார்கள். அது இன்னும் கொஞ்சம் மறைக்கும். பெரியவர் நின்றால் தலை தெரியும். ரெண்டு வயசுப் பிள்ளை நின்றால் எதுவுமே தெரியாது.

அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஒரு டாக்டர். குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். ராத்திரி, தெருவில் நின்ற தன் காரை வீட்டு வாசலுக்குள் நிறுத்துவதற்காகப் பின்னால் எடுத்தார். கண்ணாடியைப் பார்த்துத்தான் எடுத்தார். அவருடைய ரெண்டு வயசு மகன் கேமரன், அப்பா வெளியே போனதைப் பார்த்து, பின்னாலேயே இறங்கி வந்துவிட்டான். அது அவருக்குத் தெரியாது.

(அரங்கில் அமைதி)

அந்தத் தகப்பன் அதற்குப் பிறகு மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து சட்டத்துக்காகப் போராடினார். 2008-இல் அந்தப் பிள்ளையின் பெயரிலேயே, கேமரன் கல்பிரான்சன் சட்டம் என்று ஒரு சட்டம் வந்தது. ஆனால் கார்க் கம்பெனிகளுக்கு விதி எழுதி முடிப்பதற்கே 2014 ஆகிவிட்டது. 2018 மே மாதத்திலிருந்துதான் அங்கே விற்கிற புதுக் கார்கள் எல்லாவற்றிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம் ஆனது. அந்த விதியை எழுதியபோது அந்த அரசாங்கமே ஒரு கணக்குச் சொன்னது. வண்டியைப் பின்னால் எடுப்பதால் மட்டும் ஒரு வருஷத்தில் அந்த நாட்டில் சுமார் 210 பேர் சாகிறார்கள், 15,000 பேர் காயப்படுகிறார்கள். செத்தவர்களில் நூற்றுக்கு 31 பேர் அஞ்சு வயசுக்குக் கீழே. 26 பேர் எழுபது வயசும் அதற்கு மேலும்.

எதிரணி நண்பர்களே, “பின்னால் நிற்பவர் விலகியிருக்க வேண்டும்” என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னீர்களே, பாதிக்கு மேல் யார் நின்றார்கள் என்று பாருங்கள். தவழ்ந்து எழுந்து நடக்கப் பழகிய குழந்தை. காது கேட்காத, கால் எட்டி வைக்க முடியாத தாத்தா பாட்டி. இவர்கள் எப்படி விலகுவார்கள்? சின்னஞ்சிறு குழந்தையின் தலையில் கவனக்குறைவு என்ற பழியைப் போட முடியாது என்று நம் நாட்டு நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன.

அந்த டாக்டரை நான் குற்றவாளி என்று கூண்டில் ஏற்றவில்லை. ஏற்ற எனக்கு மனசும் இல்லை. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. பார்த்தும் தெரியாமல் போனது அவர் குற்றம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் என்ன செய்தார்? “பிள்ளையை யார் வெளியே விட்டது?” என்று வீட்டைப் பார்த்துக் கை நீட்டிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. ஓட்டுகிறவனுக்குக் கண் பத்தவில்லை என்றால் வண்டிக்குக் கண் வையுங்கள் என்று போய் நின்றார். பொறுப்பு வண்டிப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டிலும் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். நல்லது. அதற்கு முன்னால் வாங்கிய காருக்கு? நம் பள்ளத்தாக்கில் ஓடுகிற ஜீப்புக்கு? டிராக்டருக்கு? தண்ணி லாரிக்கு? விடியற்காலை நாலு மணிக்கு, அஞ்சு மணிக்குப் போடியிலும் கம்பத்திலும் கூடலூரிலும் போய்ப் பாருங்கள். ஏலத் தோட்ட வேலைக்கு மலை ஏறுகிற பெண்கள் தூக்குவாளியோடு தெரு முனையில் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். இருட்டு. ஜீப் வரிசையாக வருகிறது, ஆள் ஏற்றுவதற்காகச் சந்துக்குள் பின்னால் எடுக்கிறது. அந்தத் தாய்க்குப் பின்னால் கண் இருக்கிறதா? அவள் முதுகைக் காட்டி நிற்கிறாள், தூக்கம் கலையவில்லை. அவளைப் பார்த்து “நீதான் விலகணும்” என்று சொல்ல உங்களுக்கு நாக்கு வருமா?

நம் வீடுகளைப் பாருங்கள். சின்னமனூரில், உத்தமபாளையத்தில், கிராமத்தில், வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒரு படி. அந்தப் படியை இறங்கினால் கார் நிற்கிறது. காருக்குப் பின்னால் நிழல் இருக்கிறது. நிழல் இருந்தால் பிள்ளை விளையாடும், கோழி படுக்கும், ஆட்டுக்குட்டி படுக்கும். அதுதான் அங்கே முற்றம். அந்தப் பிள்ளை பார்க்கிங்குக்குள் வரவில்லை. நாம்தான் அது விளையாடுகிற இடத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்.

சட்டம் இதில் கடுமையாகிக்கொண்டே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கவனக்குறைவால் உயிர் போனால் பழைய தண்டனைச் சட்டத்தில் 2 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 5 ஆண்டு வரை. அது தவிர, 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், யார் தப்பு என்றே நிரூபிக்கத் தேவையில்லாமல், உயிர் போனால் 5 லட்சம், பெருங்காயம் என்றால் இரண்டரை லட்சம் இழப்பீடு கேட்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வண்டியை வைத்திருக்கிறவனும் அவனுடைய இன்சூரன்ஸும்தான் கொடுக்க வேண்டும். பின்னால் நின்றவன் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ரெண்டே நிமிஷம் அய்யா.

என் மாணவர்களில் ஒருவர் பெரிய வண்டிகளுக்கு ஓட்டுநர் பயிற்சி கொடுக்கிறார். அவர் ஒரு வித்தை சொன்னார். மண்டபத்துக்கோ கடைக்கோ போகும்போதே ரிவர்ஸ் எடுத்து நிறுத்திவிடு, கிளம்பும்போது நேராக வெளியே வா என்றார். ஏன்? உள்ளே வரும்போது அந்த இடத்தை இப்போதுதான் கண்ணால் பார்த்திருக்கிறாய், காலி என்று உனக்குத் தெரியும். ரெண்டு மணி நேரம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது உன் வண்டிக்குப் பின்னால் உலகமே மாறியிருக்கும். ஒருத்தன் பைக் வைத்திருப்பான், ஒரு பாட்டி வெத்தலை போட உட்கார்ந்திருக்கும், ஒரு பிள்ளை பலூன் உருட்டிக்கொண்டு போயிருக்கும். அப்படி நிறுத்த இடமில்லையா, ஏறுவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வா. மாப்பிள்ளை மணமேடையை மூன்று சுற்றுச் சுற்றுகிறான், நீ ஒரு சுற்றுச் சுற்ற மாட்டாயா? (கைதட்டல்) இதெல்லாம் யார் செய்ய முடிகிற வேலை? எடுக்கிறவர் செய்ய முடிகிற வேலை. பின்னால் நிற்கிறவருக்கு நீங்கள் எப்போது ஏறி உட்காருவீர்கள், எப்போது கியர் போடுவீர்கள் என்று என்ன தெரியும்?

எதிரணித் தலைவர் முடிக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். “அப்ப நிக்கிறவனுக்குப் பொறுப்பே இல்லையா?” இருக்கிறது அய்யா. கண்ணும் காதும் காலும் சரியாக இருந்தால் அவர் விலகலாம், விலக வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் நிற்கிறவருக்குக் கண் இருக்கிறதா, காது இருக்கிறதா, அவர் ரெண்டு வயசா எழுபது வயசா என்று கண்டுபிடிக்க வேண்டியது யார்? இறங்கி வந்து பார்க்க வேண்டியது யார்? அந்த ஒரு கேள்வியை நடுவர் அவர்களிடம் வைத்துவிட்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)